மண்ணெண்ணெய் என்ஜின் மக்கர் பண்ணினால்...



பிள்ளைப்பாக்கம் ஏரியானாலும் சரி, அக்கம்பக்கத்து ஏரிகளானாலும் சரி, தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டால் பாய்ச்சல் நின்றுவிடும். சம்பா நெல் பால் பிடிக்கிற சமயத்திலே இப்படி ஆனால், கடைசித் தண்ணீருக்குப் பழைய மண்ணெண்ணெய் பம்ப்செட்டைத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதுவோ போன வருஷம் கொட்டகையிலே போட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நோவுதே தவிர, என்ஜின் கிளம்பக் காணோம் என்பீர்கள். அந்தத் தண்ணீர் தவறினால் கதிரிலே பதர் கூடிவிடும்.

முதலிலே கயிற்றை விடுங்கள். பத்து இழுப்புக்கு மசியாதது ஐம்பது இழுப்புக்கும் மசியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரிதான் இது. பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையா, மண்ணெண்ணெய் வாடையா?

மண்ணெண்ணெய் வாடை அடித்தால் பாதி நோய் பிடிபட்டது. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினிலே சரியாக ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். கடலோர மீனவர்கள் படகுக்குப் பின்னால் மாட்டுகிற மண்ணெண்ணெய் மோட்டாருக்கும் இதே குணம்தான். போன தடவை மண்ணெண்ணெயிலேயே ஓட்டி நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்திலே அதுதான் நிற்கும். கிண்ணத்து எண்ணெயை வடித்துவிட்டு, மண்ணெண்ணெய்க் குழாயை மூடிப் பெட்ரோலைத் திறந்துவிடுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். இனிமேல் நிறுத்துவதற்கு முன்னாலே இரண்டு மூன்று நிமிஷம் பெட்ரோலிலே ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பிளக் காய்ந்திருக்கிறதா? டாங்கியில் கிடக்கிற பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலிலே பிடித்து வையுங்கள். இப்போது பங்கிலே தருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியிலே தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! பாட்டிலிலே இரண்டு அடுக்கு தெரிந்தால் அத்தனையையும் வடித்துவிடுங்கள். பழைய ரப்பர்க் குழாய் ஊறியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். ஜெட் அடைத்திருந்தால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தவேண்டாம். துளை பெரிதானால் அப்புறம் எண்ணெயை அதுவே குடித்துவிடும்.

பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பொறியைச் சோதியுங்கள். பெட்ரோல் டின்னைத் தள்ளி வைத்து, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை வயரிலே மாட்டி, அதன் இரும்புப் பாகம் என்ஜின் உடம்பிலே படும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்திலே மட்டும் வேண்டாம்; உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் நீலப்பொறி பளிச்சென்று வரவேண்டும். வராவிட்டால் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பாயிண்டிலே கரி பிடித்திருக்கலாம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்தால் பெரும்பாலும் போதும்.

பொறியும் இருக்கிறது, எண்ணெயும் வருகிறது, கயிறு மட்டும் கனமில்லாமல் லேசாக வருகிறதா? பிளக் துளையிலே சின்னக் கரண்டி என்ஜின் ஆயில் விட்டு இழுங்கள். கனம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கூடாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்கவேண்டும். இரண்டுக்கும் மெக்கானிக்தான் வேண்டும். விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் சாமானோடு வருவார்.

கிளம்பிவிட்டது என்ற சந்தோஷத்திலே என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலே கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணற்றுக்குள்ளே தேங்கி, இறங்கியவரைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அவரைத் தூக்க இறங்குகிறவருக்கும் அதே கதிதான். என்ஜின் மேலேயே இருக்கட்டும். அங்கிருந்து தண்ணீரை எட்ட முடியாத அளவுக்கு ஆழம் இருந்தால், அந்தக் கிணற்றுக்கு இந்த பம்ப்செட் வேண்டாம்.