தோன்றா எழுவாய்



மோகனூரில் காவிரியைக் கடந்தால் எதிர்க்கரை கரூர் மாவட்டம். பழந்தமிழர் வழக்கில் கருவூர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட பெரியோர், எடுத்துக்காட்டுகளில் ஊர்ப்பெயர் வேண்டும்போது இக்கருவூரையும், ஆட்பெயர் வேண்டும்போது சாத்தனையும் அழைத்துக்கொள்வர். கருவூர்க்குச் செல்வாயோ எனச் சாத்தனை வினவினால், அவன் 'செல்வல்' என்கிறான். ஒரே சொல்லில் விடை முடிந்துவிடுகிறது. செல்பவன் யார் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை.

எழுவாய் என்னும் பெயரே பொருள் பொதிந்தது. வாக்கியம் எழுகின்ற வாயில் அது. அந்த வாயிலே கண்ணுக்குப் புலப்படாமல் நிற்க, வாக்கியம் மட்டும் பழுதின்றி நிற்பது எவ்வாறு? பெயர் வெளிப்பட நின்று பயனிலை கொள்வது 'செவ்விது' என்கிறார் தொல்காப்பியர். வெளிப்பட்டே ஆக வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே, வெளிப்படாது நிற்றலும் உண்டு என உரைகாரர் பொருள் விரித்தனர். பிற்காலத்தார் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரிட்டனர். 'இல்லா எழுவாய்' என்னாமல் 'தோன்றா எழுவாய்' என்றதில் உள்ள நுட்பம் கருதத்தக்கது. ஆள் இருக்கிறான், முகங்காட்டவில்லை, அவ்வளவே.

தமிழில் இதற்கு இடம் தருவது வினைமுற்றின் விகுதி. வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தன என்னும்போது இடமும் எண்ணும் பாலும் ஈற்றிலேயே அடங்கிவிடுகின்றன. இலத்தீன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவற்றிலும் இந்நிலை உண்டு. ஆங்கிலத்திலோ மழை பெய்வதைச் சொல்லவும் பொருளற்ற 'இட்' ஒன்றை முன்னே நிறுத்தியாக வேண்டும். இவ்வேறுபாடு மொழிதோறும் அமையும் விதத்தை 1981இல் வெளிவந்த நூலில் நோம் சாம்ஸ்கி ஒரு கோட்பாட்டின் பகுதியாக்கினார். அதன்பின் உலகெங்கும் இதுபற்றிய ஆய்வுகள் பெருகின. ஆயினும் விகுதி ஒன்றே காரணம் என முடித்துவிட இயலாது. மலையாளம் இடங்காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. 'வந்நு' என்பது நான் வந்ததற்கும் ஆகும், அவள் வந்ததற்கும் ஆகும். இருந்தும் அம்மொழியினர் எழுவாயைத் தாராளமாக விட்டுவிட்டே பேசுகின்றனர். சப்பானியமும் சீனமும் அவ்வாறே. அங்கெல்லாம் விடுபட்டதை நிரப்புவது கேட்பவரின் உள்ளம்.

'எனக்குப் பசிக்கிறது' என்பது வேறு வகை. பசிப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறார். வினையோ அஃறிணை ஒருமையில் முடிகிறது. எழுவாய் எங்கே என மாணவர் கேட்டால், வயிறு என்று சொல்லித் தப்பும் ஆசிரியர்கள் உண்டு. வயிறு பசிக்கிறது என்பதும் வழக்கே. ஆனால் வியர்க்கிறது, குளிர்கிறது என்பவற்றிற்கு எந்த உறுப்பைத் தேடுவது? இங்கே எழுவாய் மறைந்து நிற்கவில்லை. அதற்கு இடமே இல்லை. உடலுக்கு நேர்வனவற்றைத் தன் செயலாகக் கூறாமல், தனக்கு வந்து சேர்ந்ததாகக் கூறும் மொழி இது.

சேலம், நாமக்கல் வட்டாரப் பேச்சில் இச்செய்தி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 'வந்தேனுங்க' என்னும் சொல்லைப் பகுத்துப் பார்க்கலாம். 'ஏன்' என்பதில் பேசுபவர் இருக்கிறார். அதன் பின்னே ஒட்டிய 'ங்க'வில் கேட்பவர் இருக்கிறார். ஒரே வினைமுற்றில் இருவரும் அமர்ந்திருக்க, வெளியே ஒரு பெயருமில்லை. 'பையன் வந்தானுங்க' என்பதில் 'ஆன்' பையனுக்கு. 'ங்க' எதிரே நிற்பவருக்கு. இரண்டு மதிப்புகள், இரண்டு அளவுகள், ஒரே சொல்லில்.

இதே மண்ணில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதும் உண்டு. நீ என்பதா, நீங்கள் என்பதா எனத் துணிய இயலாத இடத்தில் பிறக்கும் வினா அது. தன்னினும் இளையவர், ஆயினும் பதவியில் உயர்ந்தவர். அல்லது உறவுமுறை இன்னும் துலங்காத புது விருந்தினர். சாதியும் வயதும் சொல்லின் ஈற்றை அளந்து வைத்திருந்த ஊர்களில், எவரையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இந்த 'ஆச்சு' உதவியிருக்கிறது. கணவன் பெயரை வாயெடுத்துச் சொல்லாத மனைவியருக்கும் அது கைகொடுத்தது. இதனைக் கொச்சை எனத் தள்ளிவிடுவது இலக்கணம் கற்றோர்க்கு அழகன்று.

எழுவாயை மறைப்பது எப்போதும் பணிவின் பாற்பட்டதும் அன்று. 'இடம் கையகப்படுத்தப்படும்', 'கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்னும் அறிவிப்புகளைப் படித்தவர் அறிவர். செய்தவர் எங்கே? இத்தகைய வாக்கியத்தில் எழுவாய் உண்டு. செயப்பட்ட பொருளே அதுவாக நிற்கிறது. செய்தவர்தான் வெளியேறிவிட்டார். நிலம் இழந்தவர் யாரிடம் சென்று முறையிடுவது என்பதற்கு அவ்வாக்கியத்தில் விடையில்லை. சாத்தனின் 'செல்வல்' தன்னைக் காட்டிக்கொடுக்கும் மறைவு. இது பொறுப்பைத் துறக்கும் மறைவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

கவிஞர் கூடியுள்ள அவையில் அகமரபை நினைவூட்டத் தேவையில்லை. அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பேசுபவர் யார் என்பதை, பாட்டின் புறத்தே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்னும் குறிப்பே காட்டுகிறது. 1967இல் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுசன், அக்கூற்றுக் குறிப்புகளையே பாடல்களின் தலைப்புகளாக்கினார். எழுவாய் இன்றி நகராத மொழிக்குள் அப்பாடல்களைக் கொண்டுசெல்ல அது நேரிய வழி. நெடுநல்வாடையில் அரசன் பெயர் எங்குமில்லை. ஆனால் அவன்முன் ஏந்திச் செல்லும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர் பூ. அந்த அடையாளம் ஒன்றால் பாட்டு அகமாகாமல் புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து இலைக்கு இருந்த ஆற்றல் அது.

இன்றைய புதுக்கவிதையில் அடிதோறும் 'நான்' வந்து நிற்கக் காண்கிறோம். விகுதியில் ஏற்கெனவே இருப்பவரை வாசலிலும் நிறுத்திவைக்கும் இவ்வழக்கத்தில் மொழிபெயர்ப்புகளைப் படித்துப் பழகிய கையின் சாயல் தெரிகிறது. அழுத்தம் வேண்டுமிடத்தில் 'நான்' வரட்டும். அங்கே அதன் எடையே வேறு. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, 1930ஆம் ஆண்டு வேதாரணிய உப்புப் போராட்டத்திற்குத் தந்த நடைப்பாட்டின் தொடக்கத்தில் வருவது போர்; போரிடுவோர் அல்லர். அடுத்து வரும் அழைப்போ, நம்பிக்கை உள்ளோர் அனைவருக்குமாகத் திறந்து விடப்படுகிறது. நடந்து சென்ற ஒவ்வொருவரும் அதில் தம்மை வைத்துப் பாட முடிந்தது.

இந்நிலத்துக்கே உரிய பாட்டொன்று புறநானூற்றில் 152ஆம் பாட்டு. வன்பரணர் பாடியது. காட்டுவழியில் வரும் பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விடுத்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. பாட்டு அம்பின் பின்னேயே ஓடுகிறது. எய்தவன் இறுதியில்தான் வருகிறான். வந்த பின்னும் பெயரில்லை. இலக்கணப்படி பார்த்தால் அங்கே எழுவாய் உண்டு. கொலைவன் என்னும் சொல்லே நிற்கிறது. பெயர்தான் இல்லை. விலைக்கு வேட்டையாடுபவன் போலவும் தோன்றவில்லை, மார்பில் ஆரம் கிடக்கிறது, ஓரியோ அல்லனோ எனப் பாணர் ஐயுறுகின்றனர். விறலியரை அழைத்து, முறைப்படி துறைகள் அனைத்தையும் பாடி முடித்து, 'கோ' என்று விளிக்கின்றனர். அது தன்னைக் குறிக்கும் பெயராதலின் அவன் நாணுகிறான். தான் இன்னான் என்று ஒரு சொல்லும் சொல்லாமல், புழுக்கிய இறைச்சியும் தேறலும் ஈந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் கொள்க என்று காட்டிடையே தருகிறான். பாட்டு முடியும் இடத்தில்தான், தந்தவன் உயர்ந்த கொல்லிமலைக்கு உரியவன் என்று வன்பரணர் சொல்கிறார். அதையும் அவன் வாயால் சொல்ல வைக்கவில்லை.