மடலின் கையொப்பம்



துபாயிலோ தோஹாவிலோ உழைக்கும் தமிழர், அந்நாட்டுக் கைப்பேசி எண்ணைத் தம் என்.ஆர்.இ. கணக்குடன் இணைத்து யு.பி.ஐ. வழியே பணம் செலுத்த 2023இல் வழி திறந்தது. ஒவ்வொரு கட்டளையும் எக்ஸ்.எம்.எல். மடலாகவே வங்கிக்கும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும் இடையே செல்கிறது. பாதையை மறையாக்கினால் மட்டும் போதாதென்று, மடலின்மீதே இலக்கமுறைக் கையொப்பமும் இடுகின்றனர். ஆயிரத்தை எவரேனும் இடையில் பத்தாயிரமாக்கினால் கையொப்பம் பொருந்தாது, மடல் தள்ளப்படும். கடவு எண்ணோ கைப்பேசியிலேயே மறையாக்கப்படுகிறது. செயலிகூட அதைப் படிக்க இயலாது.

ஆனால், ஊரிலுள்ள தாய் ஏமாந்து தம் கடவு எண்ணைத் தாமே அழுத்திவிட்டால், கையொப்பம் செம்மையாகவே பொருந்தும்! பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையே இல்லை என்பதை இன்றிரவே அவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள்.