கொழுந்து மலையில் கேட்ட குரல்



பசில் ரைட் 1934இல் உருவாக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஏறத்தாழ 40 நிமிடப் படம். தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுத்தது. ஆனால் விளம்பரம் போலவே இல்லை. காட்சி ஒன்று, ஒலி வேறொன்று: அதுதான் ரைட்டின் உத்தி. வர்ணனைக் குரல் நம் நாட்டு லயனல் வென்டுடையது. வாசகமோ, கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது.

மலையில் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். காதில் விழுவது சந்தை விலை. நம் பாட்டிமாரும் அவர்களின் தாய்மாரும் கூடை சுமந்த காலம் அது. மடுல்கெல்லையில் வளர்ந்த நமக்கு அந்த விரல்களைத் தாண்டிக் கண் போகாது. அவர்களின் பெயர் படத்தில் இல்லை.

விழாவுக்கு அம்மாவையோ பாட்டியையோ அழைத்து வருவோர், அவர்கள் பேசுவதைப் போனில் பதிந்து, பெயரும் தோட்டமும் சொல்லிச் சங்கத்திடம் கொடுங்கள்.