பிரேக்கின் இரு தலைமுறைகள்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் வண்டிக்குப் பிரேக்கே உயிர். புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட்டின் முன் பிரேக், கேபிளால் இழுபடும் டிரம் வகை. அது தேய்ந்து தளர்ந்தால் பிடித்த கையே உணரும்; திருகைச் சிறிது இறுக்கிச் சரிசெய்யலாம்; கட்டை முற்றும் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

பின்வந்த டிஸ்க் பிரேக்கோ, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அவ்வீரம் ஆவியாகும். ஆவி எளிதில் அமுங்குவதால், பிடி உள்ளே செல்லும்; சக்கரம் நில்லாது. விரைவுக் கார்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே, ஈராண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுதல் நன்று.

பழைய பொறி தன் குறையைக் காட்டிற்று. புதியது மறைத்து வைக்கிறது. எனவே புதுமை வளர வளர, கையேட்டைப் படித்து நாள் தவறாது பேணும் பழக்கமும் வளர்தல் வேண்டும்.