எக்ஸ் குரோமோசோமும் நம் பெண் குழந்தைகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் அரங்குக்கு வந்திருக்கும் மரபியலாளர்களையும் மருத்துவர்களையும் தாதியரையும் மாணவர்களையும் வரவேற்கிறேன்.

மரபியலாளர் மேரி லயனை நினைவுகூர்ந்து தொடங்குகிறேன். 1925இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடையாது. 1955 முதல் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் எலிகளை ஆராய்ந்தார். சில பெட்டை எலிகளின் ரோமம் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. ஆண் எலிகளில் அந்தத் திட்டுகள் இல்லை. பெட்டையின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவிலேயே அடங்கிவிடுகிறது, எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும், ஒரு செல்லின் வழிவந்த செல்களெல்லாம் அதே நிலையைத் தொடரும் என்று 1961இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். எலியின் ரோமத்தைப் பார்த்தே மரபணு எப்படி வெளிப்படுகிறது என்று அறிந்த அந்தக் கூர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

மனிதரில் இதற்குச் சான்று தந்தது மலேசியத் தாய்மார்கள் நன்கு அறிந்த ஜி6பிடி நொதிக்கான மரபணு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணின் இரத்தத்தில் நொதி உள்ள சிவப்பணுக்களும் நொதி குறைந்த சிவப்பணுக்களும் கலந்திருப்பதை எர்னஸ்ட் பாய்ட்லர் குழுவினர் 1962இல் காட்டினர்.

நம் மண்ணிலும் இந்த ஆய்வுக்கு வேர் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து வந்து கோலாலம்பூரில் பணியாற்றிய லீ இன்ஜோ லுவான் எங், பூர்வகுடி மக்களிடையே இந்த நொதிக் குறைபாட்டை ஆராய்ந்து 1964இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1901இல் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை எதிர்த்த ஊர் கிள்ளான். மலேரியாவை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு: ஜி6பிடி குறைபாடு மலேரியா நெடுங்காலம் நிலைத்த நாடுகளில்தான் மிகுதி. 1980களிலிருந்து நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறோம். குறைபாடு தெரிந்தால் மஞ்சள் காமாலையைக் கூர்ந்து கவனிக்கிறோம். துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறோம். காமாலை மூளையைத் தாக்காமல் எத்தனையோ பிள்ளைகளைக் காத்த பணி இது.

ஆனால் ஒளிர்புள்ளிச் சோதனை எனப்படும் இச்சோதனை ஆண் குழந்தைக்குப் பொருந்துவதுபோல் பெண் குழந்தைக்குப் பொருந்துவதில்லை. ஆணுக்கு ஒரே எக்ஸ். பழுதிருந்தால் எல்லாச் சிவப்பணுக்களிலும் நொதி குறையும், புற ஊதா ஒளியில் இரத்தப்புள்ளி ஒளிராது. ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணுக்கோ இருவகை அணுக்களும் கலந்திருப்பதால் புள்ளி ஒளிர்ந்துவிடலாம். 'இயல்பு' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆனால் நொதி குறைந்த அணுக்கள் அவள் உடலில் இருந்துகொண்டே இருக்கும். கருவில் எந்த எக்ஸ் எத்தனை செல்களில் அடங்கியது என்பதைப் பொறுத்து, ஒரே மரபணு மாற்றமுள்ள அக்காளுக்கும் தங்கைக்கும்கூட நொதியின் அளவு வெகுவாக வேறுபடும்.

வளர்ந்தபின் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மலேரியா மருந்தான பிரைமகுயின் கொடுத்தால் நொதி குறைந்த அந்த அணுக்கள் சிதையும். மற்றொரு மலேரியா மருந்தான டாஃபெனோகுயின் கொடுக்க நொதியின் செயல்திறன் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அதை ஒளிர்புள்ளிச் சோதனை அளந்து சொல்லாது.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்கவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஆண், பெண் முடிவுகளை ஒரே விழுக்காட்டில் கலக்காதீர்கள். தந்தைக்குக் குறைபாடு இருந்தால் அவருடைய மகள்கள் அனைவருமே பழுதான பிரதியைப் பெறுவார்கள். அவர்களுக்கு நொதியை எண்ணளவில் அளந்து பாருங்கள். அந்த எண்ணைக் குழந்தையின் பதிவேட்டில் எழுதுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.