பழைய தொட்டிலும் புதிய சட்டமும்

மாற்றல் உத்தரவு வந்த குடும்பம் முதலில் விற்க நினைப்பது குழந்தைச் சாமான்களையே. தொட்டில், மூன்று சக்கர சைக்கிள், ஒரு கூடை பொம்மைகள். பிள்ளை வளர்ந்துவிட்டான், லாரியிலும் இடமில்லை. திருவனந்தபுரத்தில் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் வாழும் தமிழருக்கும், மும்பையிலும் டில்லியிலும் வாழ்வோருக்கும் இது பழகிய காரியம். பாட்டி வீட்டு மச்சிலிருந்து தொட்டிலை இறக்கித் துடைத்துக்கொள்ளும் வசதி வெளியூரில் நமக்கு ஏது? பிறர் வீட்டுத் தொட்டிலை வாங்குகிறோம். நம்முடையதைப் பிறருக்கு விற்கிறோம். இந்தக் கைமாற்றத்தில் சட்டம் எங்கே நிற்கிறது?

விளையாட்டுப் பொருள்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் பிறந்து, 2021 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை தாங்க வேண்டும் என்று அது விதித்தது. முத்திரைக்குப் பின்னால் சோதனைகள் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று விழும் துண்டு, 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறிய உருளையொன்றினுள் முழுவதும் அடங்கிவிடுமாயின் அப்பொம்மை தேறாது. அந்த உருளை குழந்தையின் தொண்டையை எண்ணி வகுக்கப்பட்டது. வர்ணத்திலிருந்து ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய எட்டுத் தனிமங்கள் கசிவதற்கும் வரம்புண்டு.

2021க்கு முந்திய பொம்மைகள் பலவற்றில் இம்முத்திரை இராது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, முத்திரை கட்டாயமான பொருளை அஃதின்றி விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் தடுக்கையில், புதியது, பழையது என்று பிரித்துச் சொல்லவில்லை. எழுத்தை அப்படியே பிடித்தால், சாலைக் கடைத்தெருவில் புதுப் பொம்மை விற்கும் வணிகரும், ஊரை விட்டுப் புறப்படுமுன் பொம்மைக் கூடையை விற்கும் இல்லத்தரசியும் ஒரே வாக்கியத்துள் அகப்படுகின்றனர்! நடைமுறையில் அதிகாரிகளின் கண் கடைச் சரக்கின் மீதே செல்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொழிலாக விற்பவரையே பொறுப்பாளி ஆக்கியது. ஆகவே வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பொருளை வாங்குவோருக்கு முத்திரையும் இல்லை, முறையிட இடமும் இல்லை.

இச்சிக்கலை அமெரிக்கா முன்னரே கண்டது. 2008இல் அங்கு இயற்றிய சட்டத்தின் ஈய வரம்பு, 2009 பிப்ரவரி முதல் கடையிலிருந்த பழைய பொருள்களையும் கட்டுப்படுத்தியது. பழைய பொருள் விற்போர் சோதனை செய்ய வேண்டியதில்லை, ஆனால் வரம்பு மீறிய பொருளை விற்கவும் கூடாது என்றனர் அதிகாரிகள். சோதிக்காமல் எப்படி அறிவது? அறச்சாலைகளின் மலிவுக் கடைகள் பல, குழந்தைப் பொருள்களை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டன. ஏழைத் தாய்மாருக்குத்தான் நட்டம். 2011இல் சட்டத்தைத் திருத்திப் பழைய பொருள்கள் பெரும்பாலானவற்றை அவ்வரம்பினின்று விடுவித்தனர். வர்ணத்தின் ஈயத்துக்கு மட்டும் விலக்கில்லை. ஆனால் அதே ஆண்டில், ஒரு பக்கம் கீழே இறங்கும் குழந்தைக் கட்டில்களைப் பழையவை உள்பட விற்கவே கூடாதென்றனர். அந்தப் பக்கம் கழன்று, இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் மாண்டிருந்தன.

கனடா 2004இலேயே, குழந்தையை நடுவே உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கரைத் தடை செய்தது. வீட்டு வாசலில் பழையதாகவும் விற்கலாகாது. படிக்கட்டில் உருண்ட குழந்தைகள் அத்தனை பேர். நம் மர நடைவண்டி வேறு. குழந்தை அதன் பின்னே நின்று தள்ளுகிறது.

நமக்கும் இத்தகைய சிறு பட்டியலே வேண்டும் என்பது நம் கருத்து. எல்லாப் பழம்பொருளையும் ஒரே வலையில் அள்ளுவதால் பயனில்லை. மறுமுறை விற்கவே கூடாதவை இன்னின்ன என்று சொல்லிவிட்டால் வாங்குவோரும் விற்போரும் அறிவர்.

அதுவரை நம் கண்ணே சோதனைச்சாலை. வீட்டு வர்ணத்தில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைத்த விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வர்ணம் பூசிய தொட்டிலைக் குழந்தை கடிக்கும் என்பதை மறக்கலாகாது. பித்தான் மின்கலத்தின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்திரை இல்லாதவை யாவும் தீயவை அல்ல. பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் 2020 டிசம்பரில் விலக்களித்தனர். தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது வர்ணம் உரிந்து வந்தால் குழந்தையின் கையில் தராமல் கொலுப்படியில் வைக்கலாம்.