அலாசுகா மக்களும் தலைநகரும்



தலைநகர் எங்கிருத்தல் வேண்டுமென்பதை வேந்தர்கள் முடிவு செய்த காலமுண்டு. அலாசுகா மக்களோ அதனைத் தம் வாக்கினாலேயே முடிவு செய்தனர். அதுவும் ஒருமுறையன்று, பன்முறை!

அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள அப்பெருநிலம் 1959-இல் மாநிலமாயிற்று. தலைநகர் சூனோ. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். வெளியூர்ச் சாலை எதுவும் அதனைத் தொடுவதில்லை; கடல்வழியோ வான்வழியோதான் செல்லுதல் வேண்டும். பொன் தேடி வந்த ஒருவரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1880-இல் அவருக்குப் பொன்னுள்ள இடத்தைக் காட்டியவர் திலிங்கித்துக் குடித்தலைவர் கோவி. காட்டியவர்க்கு ஊர்ப்பெயரில் இடமில்லை. மண்ணின் மக்கள்பால் வந்தேறியர் காட்டும் நன்றி எங்கும் இத்தகையதே!

மக்களுள் பெருந்தொகையினர் வாழ்வதோ தொலைவிலுள்ள ஆங்கரேசைச் சூழ்ந்து. அரசு தம் அருகில் வேண்டுமென அவர்கள் கேட்டதில் பிழையில்லை. எனினும் 1960-இலும் 1962-இலும் அக்கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது, 1974-இல் வென்றது. ஆங்கே ஒரு நுட்பம் காண்க. புதிய தலைநகர் ஆங்கரேசு, பேர்பாங்சு என்னும் இரு நகர்களுக்கும் 30 கல் தொலைவிற்குள் அமைதல் கூடாதென அத்திட்டமே வரையறுத்தது. ஒரு நகர் கொழுக்க மற்றொன்று பொறுக்குமா? 1976-இல் மூன்று இடங்களை மக்கள்முன் வைத்தனர். வில்லோ என்னும் சிற்றூர் வென்றது.

இடம் முடிவாயிற்று, பணம்? 1974-இல் மக்களைக் கேட்டது "மாற்றலாமா?" என்பதே. "இவ்வளவு செலவாகும், மாற்றலாமா?" என்று எவரும் கேட்கவில்லை. 1978-இல் மக்களே விழித்துக்கொண்டனர். முழுச்செலவையும் முன்னரே அறிவித்து ஒப்புதல் பெறுதல் வேண்டுமெனச் சட்டம் இயற்றினர். அதே தேர்தலில், புதுநகர் அமைக்க 96.6 கோடி டாலர் கடன் திரட்டும் திட்டத்தையும் தள்ளினர். 1982-இல் மொத்தச் செலவு ஏறத்தாழ 280 கோடி டாலர் என்று கணக்குக் காட்டப்பட்டது. மக்கள் மறுத்தனர். வில்லோத் திட்டம் அத்தோடு மடிந்தது.

இதனை மக்களின் தடுமாற்றமென்று நகைப்பாருண்டு. தடுமாறியவர் மக்களல்லர், விலையை மறைத்துப் பொருளை விற்க முனைந்தவரே தடுமாறினர்.

1994-இல் வாசில்லா நகருக்கு மாற்றும் முயற்சியும் தோற்றது. இன்றும் சட்டமன்ற உறுப்பினர்கள் சனவரிக் குளிரில் கப்பலிலோ வானூர்தியிலோ சூனோவுக்கே செல்கின்றனர்.